ஜன்னல் பெயிண்ட்டை எந்தக் காசில் எடுப்பது?

"அண்ணே, ஜன்னல் பெயிண்ட்டை எடுத்துப் புதுசு போட அறுபதாயிரம் ஆகுமாம். எங்கே வாங்கினா வட்டி கம்மி?"

சித்தி மகள் போனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வட்டிக் கணக்கு என்றால் சொந்தத்தில் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று இரவே ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கடன், வலப்பக்கம் வட்டி என்று எழுத உட்கார்ந்தேன். அந்தத் தாள் எதற்கும் உதவாது என்று தெரிய ஒரு வாரம் ஆனது.

அவள் இருப்பது காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி ஓர் ஊராட்சியில், பழைய நகரத்தார் வீடு ஒன்றின் மூன்றாங்கட்டில். முகப்பும் பட்டாலையும் பூட்டிக் கிடக்க, பின்கட்டில் மட்டும் இரண்டு குடும்பங்கள். வாடகை 2,500. மாப்பிள்ளை ஒரு பட்டறையில் பழைய கதவு, நிலை, தூண்களைத் தேய்த்து பாலிஷ் போடுகிறவர். பையனுக்கு ஒன்றரை வயது. ஜன்னலை ஒட்டித்தான் அவனுக்குத் தொட்டில். ஜன்னல் கதவில் பச்சை எனாமல் செதில் செதிலாக உரிகிறது, உரிந்தது கைக்கு எட்டுகிறது, கைக்கு எட்டியது வாய்க்குப் போகிறது. ரத்தசோகைக்கு மருந்து எழுதிய டாக்டர், வீடு எவ்வளவு பழசு, அப்பாவுக்கு என்ன வேலை என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, ஈய அளவும் பார்த்துவிடச் சொன்னார். டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் என்று வந்தது. 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2021இல் கொடுத்த வழிகாட்டுதல். பாதுகாப்பான அளவு என்று எதையும் அது ஒப்புக்கொள்ளவில்லை.

ஈயம் என்றதும் சித்தி கோபப்பட்டார். "நாங்கல்லாம் ஈயச்சொம்புல ரசம் வச்சுச் சாப்பிட்டவங்கதானே?" என்றார். நம் மொழி செய்யும் வேலை இது. ரசச் சொம்பு செய்வதும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். பெயிண்ட்டிலும் பேட்டரியிலும் இருப்பது காரீயம். இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். (காரீயம் கலந்து விற்ற சொம்பு என்றால் அது வேறு கதை.) காரீயம் உடம்புக்குள் போனால் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போட்டு எலும்பில் உட்கார்ந்துகொள்ளும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப்போல் 4, 5 மடங்கு சின்னக் குழந்தைகளின் உடம்பு எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை இன்னும் கூடுதலாக. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் இந்த 5ஐத் தாண்டி ஈயம் இருக்கலாம் என்று யுனிசெஃப் 2020இல் கணக்கிட்டது. அதில் 27 கோடிக்கு மேல் இந்தியாவில்.

செட்டிநாட்டு வீடு என்றால் சுவரெல்லாம் விஷம் என்று பயப்பட வேண்டாம். கண்ணாடி மாதிரி மின்னும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் காரீயத்துக்கு வேலையே இல்லை. சந்தேகப்பட வேண்டியது பின்னால் வந்த எனாமலை: ஜன்னல் கதவு, கம்பி, கிராதி, நிலை. அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களை. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையானது. அதற்கு முந்திய டப்பாவில் என்ன இருந்தது என்பது அந்த டப்பாவுக்கே வெளிச்சம். இவள் வீட்டு ஜன்னலுக்குக் கடைசியாகப் பெயிண்ட் அடித்தது வீட்டுக்கார ஆச்சியின் பேத்தி கல்யாணத்துக்கு. பேத்திக்கு இப்போது கல்லூரி போகும் பிள்ளை.

சரி, கணக்குக்கு வருகிறேன். என் முதல் தாள் ஏன் உதவவில்லை என்றால், இந்த வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது. கூரை ஓட்டை இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் பாதி என்று மாற்றலாம். காரீயப் பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தால் செதிலாக இருந்தது மாவாகிறது. மாவு தரை, பாய், தொட்டில் என்று எங்கும் படிந்து, முன்னைவிட மோசமாகிவிடும். நெருப்புக் காட்டி உரித்தால் புகையிலேயே ஈயம் வரும். செய்வதானால் அறையைக் காலி செய்து, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரத்தோடு எடுத்து, ஈரத்துணியால் பல தடவை துடைத்து, குழந்தையைச் சில நாள் வேறு வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடாமல் விட்டு, உரிந்த இடத்தை ஈரமாகத் துடைத்து மேலே புதுப் பெயிண்ட் பூசி மூடிவைக்க வேண்டும். அரைகுறைப் பணம் வந்தால் அரைகுறைச் சுரண்டலில் முடியும். ஆகவே எந்தப் பணம் மொத்தமாக வரும், எந்தப் பணம் சொட்டுச் சொட்டாக வரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வட்டி அதற்கு அப்புறம்.

அவள் வீட்டுக்கு ஆசாரி சொன்னது, நாலு ஜன்னலுக்கும் ஒரு கதவுக்கும் புதுப் பலகை, கம்பிக்கு ஈரச் சுரண்டல், பூச்சு, துப்புரவு எல்லாம் சேர்த்து 60,000. மூடிவைக்கும் வழி என்றால் 7,000க்குள் முடியும். ஆனால் ஜன்னல் திறந்து மூடுகிற பொருள். உரசும் இடத்தில் புதுப் பெயிண்ட் தேய்ந்து, பழையது மறுபடி எட்டிப் பார்க்கும். மூடிவைப்பது ஒன்று, இரண்டு வருஷத்துக்கான ஏற்பாடுதான்.

அரசுப் பணத்தை முதலில் பார்த்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. பிரதமர் வீட்டுத் திட்டம் புது வீட்டுக்கு. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம், வீட்டுக்கு 3.5 லட்சம், குடிசையை மாற்றிப் புது வீடு கட்ட. பழைய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அது முன்பு அரசுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு. வாடகைக்கு இருப்பவள் எந்த வரிசையிலும் நிற்க முடியாது. சொந்தத் தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் மட்டும் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பணம் கான்கிரீட்டுக்கு வந்தாலும், ஆள் வேலை செய்யும் அதே வாரத்தில் ஜன்னலையும் முடித்துவிடலாம்.

அமெரிக்காவில் இதற்கென்றே பணம் ஒதுக்குகிறார்கள். அங்கே வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தை 1978இலேயே தடுத்தார்கள். தடுத்தும் பழைய வீடுகள் அப்படியே நின்றதால் 1992இல் தனிச் சட்டம் போட்டு, நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் வீட்டுவசதித் துறை மானியம் கொடுக்கிறது. மிஷிகன் மாநிலத்தில், ஃபிளின்ட் நகரத்துக் குடிநீரில் ஈயம் கலந்த விவகாரத்துக்குப் பிறகு, ஏழைக் குழந்தைகளின் மருத்துவக் காப்பீட்டுப் பணத்திலிருந்தே வீட்டு ஈயத்தை எடுக்க 2016இல் அனுமதி வாங்கினார்கள். கலிஃபோர்னியாவில் பெயிண்ட் கம்பெனிகள் மேல் வழக்கு நடத்தி 2019இல் 30.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. எனக்குப் பிடித்தது மாசசூசெட்ஸ் வழி. தான் குடியிருக்கும் வீட்டில் ஈயம் எடுக்கும் ஏழைக்கு வட்டியில்லாக் கடன், மாதத் தவணையும் கிடையாது, வீட்டை விற்கும்போது கட்டினால் போதும். ஒத்திக்கு வீடு வாங்கிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புரியாத ஏற்பாடு இல்லை.

அங்கேயும் ஏன் அரசு நுழைய வேண்டியிருக்கிறது? ஈயத்தை எடுக்கச் செலவிடும் ஒரு டாலர் 17 முதல் 221 டாலர் வரை திருப்பித் தரும் என்று 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படி ஒரு லாபம் இருந்தால் நம் ஊர் வட்டிக்கடைக்காரர் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டாரா? கொடுக்க மாட்டார். செலவு செய்கிறவர் வீட்டுக்காரர். லாபம் இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளையின் படிப்பிலும் சம்பளத்திலும் வருகிறது. நடுவில் வசூலிக்க ஆள் இல்லை.

அப்புறம் நம் ஊர்ப் பணம். 60,000, இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். நுண்கடன் நிறுவனத்தில் 24 சதவீதம் என்றால் மாதம் 3,172, வட்டி மட்டும் 16,134. பணம் சீக்கிரம், மொத்தமாக வரும். ஆனால் இவள் வீட்டு வருமானத்தில் 3,172 என்பது ஒரு மாதம் பட்டறை மூடினால் நின்றுபோகிற தவணை. மூன்று வட்டிக்குத் தனியாரிடம் வாங்கினால் மாதம் 1,800 என்று கேட்க இனிமையாக இருக்கும். இரண்டு வருஷத்தில் 43,200 கட்டிய பிறகும் அறுபதாயிரம் அப்படியே நிற்கும். நகைக்கடன் 9 சதவீதம் என்றால் வருஷம் 5,400. நகை இருப்பவர்களுக்கு இதைவிடச் சுளுவான வழி இல்லை. இவளிடம் தாலிக்கொடி தவிர மிச்சம் எல்லாம் ஏற்கெனவே பிரசவத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. சீட்டு பற்றி ஒன்றுதான் சொல்வேன்: பதிவு செய்த சீட்டாக இருந்து, கையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் எடுங்கள், இதற்காகப் புதிதாகச் சேராதீர்கள்.

மொய் விருந்தையும் எழுதிவைத்தேன். ஆலங்குடி, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போட்டால் லட்சக்கணக்கில் சேரும். வட்டி கிடையாது, எழுத்தும் நோட்டில்தான். மொத்தமாக வரும் பணம் என்ற அளவில் இந்த வேலைக்குப் பொருத்தமானது அதுவே. ஆனால் அது அந்தப் பக்கத்தில் பல வருஷமாக மொய் செய்து வைத்திருப்பவர்களுக்கு. புதிதாகக் குடிவந்தவள் இலை போட்டால் சாப்பாட்டுச் செலவுதான் மிஞ்சும். வாங்கியதைக் கூட்டித்தான் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மகளிர் குழுக் கடன்தான் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. ஊரக வாழ்வாதார இயக்கத்தில் இருக்கும் குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீதத்துக்கு வங்கி கொடுக்கும். வீடு பழுது பார்ப்பதும் அந்தக் கடனுக்கு ஏற்ற காரணம்தான், ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. 7 சதவீதம் அப்படியே கைக்கு வந்தால் மாதம் 2,686. ஆனால் 3 லட்சம் மொத்தக் குழுவுக்கு. 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 25,000தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் வங்கி வட்டி கூடும், குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்தும் சேர்க்க வேண்டும். இவள் குழுவில் உறுப்பினருக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது வருஷத்துக்கு 12 சதவீதம். அப்படிப் பார்த்தால் மாதம் 2,824, மொத்த வட்டி 7,786. நுண்கடனில் பாதிகூட இல்லை. பணமும் ஒரே நாளில் வரும்.

இந்த 2,824 என்ற எண்ணை எழுதிவிட்டுப் பார்த்தால் பக்கத்திலேயே அவள் வாடகை 2,500 நிற்கிறது.

வாடகைக்காரிக்கு எதற்கு அறுபதாயிரம் கடன் என்பதுதான் நான் ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கதவும் ஜன்னலும் வீட்டுக்காரருடையவை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதை வீட்டு உரிமையாளர் கணக்கில்தான் எழுதுகிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இந்த வீட்டின் உரிமையாளர் யார்? பதினோரு பங்காளிகள். மூன்று பேர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், மற்றவர்கள் கோயில் பூசைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து போகிறவர்கள். 2,500ஐப் பதினொன்றால் வகுத்தால் ஆளுக்கு 227 ரூபாய். அதற்காக யாரும் தூக்கம் கெடப்போவதில்லை. அறுபதாயிரத்தை எடுத்துவைக்கச் சொன்னால்தான் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

ஆக, பங்காளிகள் ஒரு பைசா எடுக்க வேண்டாம். குழுக் கடனில் வேலை முடியட்டும். இருபத்துநாலு மாதம் வாடகை வாங்காமல் அதைத் தவணையில் கழித்துக்கொள்ளட்டும். மீதி மாதம் 324 ரூபாய் இவள் பங்கு. வாடகையில் மட்டும் மாதாமாதம் கழித்துக்கொண்டு கடன் இல்லாமல் செய்தால்? அது சொட்டுச் சொட்டாக வரும் பணம். ஒரு ஜன்னலைச் சுரண்டிவிட்டு அடுத்ததற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டிவரும். கடன் மொத்தத்தைத் தருகிறது, வாடகை அதை அடைக்கிறது. தனித்தனியாக இரண்டுமே இவளுக்கு ஆகாது.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. கடன் இவள் பேரில். நடுவில் வீட்டை விற்றுவிட்டால், அல்லது ஒரு பங்காளி மட்டும் காலி செய்யச் சொன்னால், குழுவில் மானம் போவது இவளுக்கு. அதனால் முத்திரைத்தாளில் இரண்டு வருஷம் குடியிருக்கும் உறுதி, பாதியில் போக நேர்ந்தால் மீதித் தொகையை யார் தருவது என்ற வரி, பங்காளிகள் எல்லோர் சார்பிலும் அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர் கையெழுத்து, மூன்றும் வேண்டும். வாய்ப்பேச்சில் ஆச்சி "செஞ்சுக்க தாயி" என்று சொன்னதை நம்பிக் கடன் எடுக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் மாப்பிள்ளை வேறு ஒரு யோசனையோடு வந்தார். நான் கேட்டதிலேயே காசுக் கணக்கில் மிகப் பிரமாதமான யோசனை அது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பச்சைப் பெயிண்ட்டுக்குக் கீழே இருப்பது பர்மா தேக்கு. அந்த ஜன்னல் கதவுகளைக் கழற்றிக் கொடுத்தால், வாங்குகிறவர் புது வேப்பம்பலகைக் கதவு போட்டுக் கொடுத்து, பங்காளிகளுக்குக் கையில் காசும் தருவார். கடன் இல்லை, வட்டி இல்லை, வீட்டுக்குள் சுரண்டலே இல்லை.

எங்கே போய்ச் சுரண்டுவார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அவர் பட்டறையில்தான். இரண்டு பையன்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினில் தேய்ப்பார்கள். தேய்த்த மாவு சட்டையிலும் தலைமுடியிலும் ஏறி, மாலை ஆறு மணி பஸ்ஸில் மூன்றாங்கட்டுக்கே திரும்பி வரும், வந்ததும் குழந்தையைத் தூக்கும். ரத்தத்தில் வந்த அந்த 9இல் ஜன்னலுக்கு எவ்வளவு, சட்டைக்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. இந்த வழியை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஈரமாகவோ ரசாயனத்தாலோ பெயிண்ட்டை எடுத்து, கழிவைப் பையில் கட்டி, வேலை உடுப்பைப் பட்டறையிலேயே விட்டு வரும் இடம் கிடைத்தால் இதுவே முதல் வழி. அவர் பட்டறை இன்றைக்கு அப்படி இல்லை.

ஆகவே முதல் செலவை ஜன்னலுக்கு வைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மூன்று செட் பழைய கைலியும் சட்டையும் பட்டறையிலேயே ஆணியில் தொங்குகின்றன. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் குளியல், அப்புறம்தான் பிள்ளை. உடுப்பைத் தனியாகத் துவைக்கிறாள். தொட்டில் எதிர்ச்சுவருக்கு நகர்ந்தது. தினமும் துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி, ஏனென்றால் பெருக்கினால் தூசி கிளம்பும். உரிந்த இடங்களை ஈரமாகத் துடைத்து மேலே ஒரு பூச்சு. மகளிர் உரிமைத்தொகையில் மூன்று மாதம் எடுத்துவைத்த 3,000ம் என்னுடைய 2,000ம் இதற்குப் போதுமானதாக இருந்தது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மருந்தோடு முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பையனுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போகிறது.

சொந்த வீட்டில் இருந்து, நகையும் இருந்திருந்தால் நகைக்கடன் வாங்கி ஒரே வாரத்தில் முடித்துவிடு என்று சொல்லியிருப்பேன். பங்காளிகள் மறுத்தால், மூடிவைத்ததோடு நிறுத்திக்கொண்டு அடுத்த தை மாதத்துக்குள் வேறு வீடு பார், அடுத்தவர் ஜன்னலுக்காகக் கடனாளி ஆகாதே என்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒப்பந்தத்தை நானே எழுதிக் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம். பத்துப் பேர் சரி என்றுவிட்டார்கள். கோலாலம்பூர்க்காரர் மட்டும், பழைய தேக்குக் கதவைக் கழற்றிய பிறகு எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். இரண்டாங்கட்டு அறையில், தார்ப்பாயில் சுற்றி, பூட்டி வைக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறோம்.